பாஸ்கலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

புயல் மழைக் காலத்தில் வானிலைச் செய்தி கேட்பவர்கள் எல்லோர் காதிலும் அவர் பெயர் விழுந்திருக்கும். மையப் பகுதியில் காற்றழுத்தம் இத்தனை ஹெக்டோபாஸ்கல் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி, பாஸ்கல் முக்கோணம். கொஞ்சம் முன்னால் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு 1970-இல் வந்த பாஸ்கல் மொழி. இத்தனை இடத்தில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளேஸ் பாஸ்கல் 1623 ஜூன் 19 அன்று பிரான்சின் கிளேர்மோன் நகரில் பிறந்தார். 1662 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் இறந்தார். 39 வயது.

இவரை இவர் எழுத்திலேயே படித்துப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் 'பாஸ்கலின் பந்தயம்'. கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டு, ஜெயித்தால் எல்லாம் உனக்கு, தோற்றால் ஒன்றும் போகப் போவதில்லை. யாரோ நாலு வரியில் சுருக்கியதைப் படித்துவிட்டு, "இது வியாபாரிக் கணக்கு அல்லவா" என்று பாஸ்கலையே மூடி வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். கணக்கும் நன்றாக வரும், மனதில் தேடலும் உண்டு, அப்படிப்பட்டவர்கள். இவருக்கு அவர்களைவிடப் பொருத்தமான வாசகர் கிடைக்க மாட்டார்கள். அது என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீடு.

உள்ளே போக ஐந்து வாசல் இருக்கிறது. அக்கா ஜில்பெர்த் எழுதிய வாழ்க்கை வரலாறு. வெற்றிடத்தைப் பற்றிய அறிவியல் எழுத்துகள். 'புரோவின்சியல் கடிதங்கள்'. கணித மேதை ஃபெர்மாவுடன் நடத்திய கடிதப் போக்குவரத்து. கடைசியாக 'பான்ஸே', அதாவது 'சிந்தனைகள்' என்ற பெயரில் அவர் இறந்தபின் வந்த துணுக்குகள். என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபெர்மாவுக்கு 1654 ஜூலை 29 அன்று எழுதிய கடிதம் முதலில். அடுத்து பான்ஸே, அதுவும் சரியான வரிசையில் அச்சிட்ட பதிப்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

அக்காவின் நூல் சிறியது, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஜில்பெர்த் மூன்று வயது மூத்தவர். தாய் 1626-இல் இறந்துபோக, தந்தை எத்தியேனே மூன்று பிள்ளைகளையும் வளர்த்துப் படிக்க வைத்தார். மகன் முதலில் லத்தீனும் கிரேக்கமும் கற்கட்டும் என்று கணிதப் புத்தகங்களைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டார். 12 வயதுப் பையன் விளையாடுகிற அறையின் தரையில் கரித்துண்டால் படம் போடுகிறான். வட்டம், கோடு என்ற சொற்கள்கூடத் தெரியாது. வட்டத்துக்கு 'உருண்டை', கோட்டுக்குக் 'கம்பி' என்று தானாகப் பெயர் வைத்துக்கொண்டு, ஒரு முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டான். சத்தமில்லாமல் வந்து பார்த்த தந்தை ஒன்றும் பேசாமல் நண்பர் வீட்டுக்குப் போய்க் கண்கலங்கி நின்றார் என்று எழுதுகிறார் ஜில்பெர்த். இந்த ஒரு காட்சிக்காகவே அந்த நூலைப் படிக்கலாம். ஆனால் அதை முதலில் படித்தால் ஒரு சிக்கல் வரும். தம்பி இறந்த துக்கம் ஆறாத ஓர் அக்காவின் எழுத்து அது. முட்கள் வைத்த இரும்புக் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டதும், ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்ததும்தான் கண் முன்னால் நிற்கும். தந்தை 1651-இல் இறந்த பிறகு தங்கை ஜாக்லீன் போர்-ரொயால் கன்னியர் மடத்தில் சேரக் கிளம்பியபோது, அவர் பங்குப் பணத்தைக் கொடுக்க இழுத்தடித்த பாஸ்கலும் உண்டு. அந்த மனக்கசப்பை ஜாக்லீனே எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதரை முதலில் அறிந்துகொண்டு, பிறகு புனிதரிடம் வருவதுதான் நல்லது.

அறிவியல் வாசல் அழகானது. இயற்பியல் படிக்கிறவருக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன். பாதரசம் நிரப்பிய குழாயைக் கவிழ்த்தால் மேலே கொஞ்சம் இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தில் என்ன இருக்கிறது, பாதரசத்தைத் தாங்கி நிற்பது எது என்று ஐரோப்பாவே வாதிட்டுக்கொண்டிருந்தது. தாங்குவது வெளியே இருக்கும் காற்றின் எடைதான் என்றால், மலை உச்சியில் காற்று குறைவு, பாதரசமும் இறங்க வேண்டும். பாஸ்கல் பாரிசில் இருந்தார். ஊரில் இருந்த அக்கா கணவர் ஃப்ளோரேன் பெரியேவுக்கு எழுதிக் கேட்டார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே சில பாதிரியார்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு புய் த டோம் மலையில் ஏறினார். ஏறுமுன் கீழே ஊரில், மினிம் துறவிகளின் தோட்டத்தில் இரண்டு குழாயிலும் ஒரே அளவு: 26 அங்குலம் மூன்றரை லீனியே (பழைய பிரெஞ்சு அங்குலத்தில் 12-இல் ஒரு பங்கு ஒரு லீனியே). ஒரு குழாயைத் துறவி ஒருவர் நாள் முழுக்க அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார், அது அசையவில்லை. உச்சியில் 23 அங்குலம் 2 லீனியேதான். பெரியே நம்ப முடியாமல் அங்கேயே ஐந்து முறை செய்து பார்த்தார். சின்னக் கோயிலுக்குள், வெட்டவெளியில், காற்று படுகிற இடத்தில், படாத இடத்தில், மூடுபனியில். அளவு மாறவில்லை. ஒரு சந்தேகத்தை மனிதர்கள் எவ்வளவு நேர்மையாகத் தீர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் இது பெரியே எழுதிய அறிக்கை. பாஸ்கலின் மனம் அதில் பின்னணியில்தான் இருக்கிறது. வரிக்கணக்குப் பார்த்துச் சோர்ந்த தந்தைக்காக 19 வயதில் செய்யத் தொடங்கிய கூட்டல் எந்திரத்தையோ படிக்க முடியாது. பாரிஸ் போனால் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான்.

புரோவின்சியல் கடிதங்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 1656 ஜனவரி 23 முதல் 1657 மார்ச் 24 வரை 18 கடிதங்கள். திருட்டுத்தனமாக அச்சடித்துப் பாரிஸ் முழுக்கக் கைமாறியவை. போர்-ரொயால் தரப்பு இறையியலாளர் ஆந்த்வான் ஆர்னோவை பாரிசின் இறையியல் பீடமான சோர்போன் கண்டிக்கப் புறப்பட்டபோது, பாஸ்கல் லூயி த மோந்தால்த் என்ற புனைபெயரில் இறங்கினார். பாரிசில் இருக்கும் ஒருவர் வெளியூர் நண்பருக்கு எழுதுவது போன்ற பாவனை. விவரம் தெரியாதவர் போலப் போய்க் கேள்வி கேட்பார், எதிராளியான இயேசு சபைக்காரர் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வார். பிரெஞ்சு உரைநடையே இதிலிருந்துதான் புதிதாகப் பிறந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கடிதம் நீண்டுவிட்டது, சுருக்கி எழுத நேரம் கிடைக்கவில்லை என்று பலர் பெயரில் உலாவும் வாக்கியம் இந்த 16-ஆம் கடிதத்தில் இருக்கிறது. ரோம் இதைத் தடை நூல் பட்டியலில் சேர்த்தது. 1660-இல் அரசவை எரிக்கச் சொன்னது.

ஐந்தாம் கடிதம் வரும்போது தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். இயேசு சபையினர் இந்தியாவிலும் சீனாவிலும் சிலுவையில் தொங்கிய இயேசுவை மறைத்து மகிமையின் இயேசுவை மட்டும் போதிக்கிறார்கள், மதம் மாறியவர்கள் ஆடைக்குள் இயேசுவின் படத்தை ஒளித்து வைத்துக்கொண்டு வெளியே சிலையை வணங்க அனுமதிக்கிறார்கள் என்று பாஸ்கல் சாடுகிறார். மதுரை மிஷனின் ராபர்ட் தெ நொபிலி, தமிழில் எழுதிய தத்துவ போதகர், மயிலாப்பூரில் இறந்ததும் அதே 1656 ஜனவரியில்தான். பாஸ்கல் அவர் பெயரைச் சொல்லவில்லை, அவர் குறிப்பிடும் சிலைகளின் பெயர்களும் சீனத்தைச் சேர்ந்தவை போலத்தான் இருக்கின்றன. ஆனால் இந்தியாவைக் காணாத ஒருவர், எதிர்த்தரப்பைத் தாக்கக் கிடைத்த செய்தியை எடுத்து வீசுகிறார் என்பது தெரிகிறது. காவியும் பூணூலும் அணிந்து, உள்ளூர் மொழியில் வேதம் பேசிய ஒரு முயற்சியின் மறுபக்கத்தை நாம் அறிவோம். இந்தக் கடிதங்களின் கூர்மை உண்மையானது, ஆனால் கட்சி கட்டிய எழுத்து. 'போதிய அருள்', 'உடனடி ஆற்றல்' போன்ற அக்காலச் சண்டைச் சொற்களுக்குக் குறிப்பு வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும். முதல் வாசலாக இது கனமான கதவு.

இனி ஃபெர்மா. 1654 கோடையில் பாஸ்கல் பாரிசில், பியேர் த ஃபெர்மா துலூஸில். ஃபெர்மா நீதிமன்ற ஆலோசகர், கணிதம் ஓய்வு நேரத்து வேலை. சூதாட்டப் பழக்கம் உள்ள ஷெவாலியே த மெரே என்ற கனவான் பாஸ்கலிடம் ஒரு கேள்வி போட்டிருந்தார்: ஆட்டம் பாதியில் நின்றுபோனால் நடுவில் வைத்த பணத்தை எப்படிப் பிரிப்பது? கேள்வி பழையது. இத்தாலியின் லூக்கா பச்சியோலி 1494-லேயே அச்சில் விடை சொல்லியிருந்தார், தவறாக.

ஜூலை 29 கடிதத்தின் தொடக்கமே மனிதரைக் காட்டிவிடுகிறது. உங்களைப் போலவே எனக்கும் பொறுமை போய்விட்டது, இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேன், ஆனாலும் நேற்று மாலை உங்கள் கடிதம் வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று ஆரம்பிக்கிறார். இருவரும் வெவ்வேறு வழியில் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். உண்மை துலூஸிலும் பாரிசிலும் ஒன்றாகவே இருக்கிறது என்பதைப் பார்க்கிறேன் என்கிறார். அந்தச் சந்தோஷத்தைத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும்.

கணக்கு இதுதான். இரண்டு பேர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். யார் முதலில் மூன்று ஆட்டம் ஜெயிக்கிறாரோ அவருக்கு 64-ம். ஒருவர் இரண்டு ஜெயித்திருக்கிறார், மற்றவர் ஒன்று. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிரிந்து போக வேண்டும்.

ஒன்பதாவது படிக்கும் அக்கா மகனிடம் இதைப் புளியங்கொட்டையில் போட்டுக் காட்டினேன். 64 கொட்டை எண்ணித் தரையில் வைத்தேன். அவன் யோசிக்கவே இல்லை. "இவன் ரெண்டு, அவன் ஒண்ணு. மூணு பங்கு போட்டா சரியா வரும் மாமா" என்று 42, 21 என்று பிரித்தான். ஒரு கொட்டை மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பச்சியோலியும் இப்படித்தான் பிரித்தார், இதுவரை ஜெயித்த கணக்கை வைத்து. பாஸ்கல் திரும்பியே பார்க்கவில்லை, முன்னால் பார்த்தார். இன்னும் ஓர் ஆட்டம் ஆடினால் என்ன ஆகும்? முதல் ஆள் ஜெயித்தால் 64-ம் அவருக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு, ஆளுக்கு 32. ஆக முதல் ஆள் சொல்லலாம்: எப்படிப் போனாலும் 32 எனக்கு உறுதி. மீதி 32 உனக்கும் வரலாம், எனக்கும் வரலாம், வாய்ப்பு சமம். அதைப் பாதியாகப் பிரிப்போம். 48, 16. நான் கொட்டைகளை நகர்த்தியதும் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஆடாத ஆட்டத்துக்கும் காசு உண்டா?" என்று கேட்டான்.

அதுதான் கேள்வியே. நடந்ததை அளப்பதை விட்டுவிட்டு, இன்னும் நடக்காததற்கு ஒரு மதிப்பு உண்டு, அதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும் என்று காட்டியதுதான் இந்தக் கடிதம். பாஸ்கல் அங்கேயே நிற்காமல் பின்னோக்கிப் போகிறார். இரண்டுக்குப் பூஜ்யம் என்றால் 56-க்கு 8, ஒன்றுக்குப் பூஜ்யம் என்றால் 44-க்கு 20. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையில் நிற்கிறது. காப்பீடு, ஓய்வூதியம், மருந்துச் சோதனை, தேர்தல் கணிப்பு என்று இன்று நாம் புழங்கும் பாதி விஷயங்களுக்கு அடித்தளமான நிகழ்தகவு இந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் உருப்பெற்றது. பாஸ்கல் அதற்கு 'தற்செயலின் வடிவியல்' என்று லத்தீனில் பெயர் வைத்தார். சில பக்கம்தான். ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கூட்டல், பாதியாக்கல் தெரிந்தால் முதல் பகுதி புரியும்.

ஆகஸ்ட் கடிதத்தில் பாஸ்கல் தடுமாறுகிறார். ஃபெர்மா வழியில் மூன்று பேர் ஆடினால் சரிவராது என்று வாதிடுகிறார், ஃபெர்மா பொறுமையாகத் திருத்துகிறார். அக்டோபர் 27 அன்று பாஸ்கல், உங்கள் கடிதம் எனக்கு முழுத் திருப்தி என்று ஒப்புக்கொண்டு எழுதுகிறார். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக 27 நாள் கழித்து, நவம்பர் 23 இரவு, ஏறத்தாழப் பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அவருக்கு ஏதோ நேர்ந்தது. ஒரு தாளில் அதைக் குறித்து வைத்தார். நடுவில் 'நெருப்பு' என்ற ஒற்றைச் சொல். பிறகு, ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், தத்துவவாதிகளின் கடவுளோ அறிஞர்களின் கடவுளோ அல்ல. ஆனந்தம், ஆனந்தம், ஆனந்தம், ஆனந்தக் கண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. இறந்த பிறகு வேலையாள் ஒருவர் மேலங்கியின் உள்துணியில் ஏதோ தடிப்பாக இருப்பதைக் கண்டு பிரித்தபோது, தோல்தாளில் எழுதிய ஒரு படியும் அந்தக் காகிதமும் மடித்துத் தைத்திருந்தன. எட்டு வருஷம் நெஞ்சோடு வைத்துத் திரிந்திருக்கிறார்.

பல வரலாறுகள் இந்த இரவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் கணிதர், அந்தப் பக்கம் பக்தர் என்று பிரித்துவிடும். எனக்கு அது ஒப்பவில்லை. 1658-இல் வட்டப்புள்ளி வளைவை (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் பாதை) பற்றித் தன் பெயரைச் சொல்லாமல் ஐரோப்பாவின் கணிதர்களுக்கெல்லாம் போட்டி அறிவித்தவர் அவர். அதைவிட முக்கியம், பந்தயத் துணுக்கே ஃபெர்மா கடிதத்தின் தொடர்ச்சிதான். அதை உணர வேண்டுமென்றால் பான்ஸேவுக்குப் போக வேண்டும், அங்கே இன்னொரு தேர்வு காத்திருக்கிறது.

எந்தப் பதிப்பு? கிறிஸ்தவ சமயத்துக்காக ஒரு பெரிய நூல் எழுத நினைத்தார் பாஸ்கல். பெரிய தாள்களில் எழுதி, குறிப்புக்குக் குறிப்பு கோடிழுத்து, கத்தரியால் வெட்டி, மூலையில் துளையிட்டு, நூலில் கோத்துக் கட்டுக் கட்டாக வைத்தார். பூக்கட்டுகிறவர்கள் மாதிரி என்று எனக்குத் தோன்றும். 27 கட்டுகளுக்குத் தலைப்பும் உண்டு: ஒழுங்கு, வீண்மை, அவலம், மேன்மை, முரண்கள், கேளிக்கை என்று போகும். மீதி தலைப்பில்லாத குவியல். நூலை முடிக்காமல் இறந்துவிட்டார். குடும்பத்தார் இருந்தது இருந்தபடியே இரண்டு படி எடுத்து வைத்தார்கள், அது நம் பாக்கியம். 1670-இல் போர்-ரொயால் நண்பர்கள் கொண்டுவந்த முதல் பதிப்பு வரிசையை மாற்றியது, கூர்மைகளை மழுக்கியது. பிறகு 1711-இல் அக்கா மகன் லூயி பெரியே மூலத் துண்டுகளை ஓர் ஆல்பத்தில் ஒட்டி மடத்தில் சேர்த்தார். ஒட்டும்போது இடத்துக்கு ஏற்ற துண்டு எங்கே பொருந்தியதோ அங்கே போயிற்று. இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அந்த ஆல்பத்தில், சில துண்டுகளின் ஓரத்தில் நூல் போன துளை இன்னும் தெரிகிறது.

1897-இல் லெயோன் புருன்ஷ்விக், ஆல்பத்தில் வரிசை கிடையாது என்பதால், பொருள்வாரியாக 14 பகுதிகளாகத் தொகுத்தார். அரை நூற்றாண்டு உலகம் பாஸ்கலை அப்படித்தான் படித்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள், பழைய படிகளில் பாஸ்கல் கோத்த வரிசையே பத்திரமாக இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். லூயி லஃபூமா 1951-இல் முதல் படியையும், பிலிப் செலியே 1976-இல் ஜில்பெர்த்திடம் இருந்த இரண்டாம் படியையும் பின்பற்றிப் பதிப்பித்தார்கள்.

ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இதன் பொருள் என்ன? இலவசமாக இணையத்தில் கிடைப்பது டிராட்டர் மொழிபெயர்ப்பு, அது புருன்ஷ்விக் வரிசை. கிரெய்ல்ஷைமர் செய்த பெங்குயின் பதிப்பு லஃபூமா வரிசை. ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட ஹானர் லீவி மொழிபெயர்ப்பும், ஹாக்கெட் வெளியிட்ட ரோஜர் ஏரியூ மொழிபெயர்ப்பும் செலியே வழி. நான் முதலில் படித்தது டிராட்டர். முதல் பக்கத்திலேயே கணித மனத்துக்கும் நுண்ணுணர்வுள்ள மனத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றிய ஒரு குறிப்பு, பிறகு நடையைப் பற்றி, பேச்சைப் பற்றி. பொன்மொழித் தொகுப்பு போல இருந்தது. நல்ல வரிகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஐம்பது பக்கத்தில் மூடிவிட்டேன். பல வருஷம் கழித்துக் கிரெய்ல்ஷைமர் கையில் வந்தபோது அதே வரிகள் வேறாக ஒலித்தன. மனிதன் எவ்வளவு அற்பமானவன் என்று 'வீண்மை', 'அவலம்' கட்டுகளில் இறக்கிக்கொண்டே போகிறார். தாங்க முடியாத இடத்தில் 'மேன்மை' கட்டு வருகிறது. இரண்டையும் மோதவிட்டு 'முரண்கள்'. பிறகு, மனிதரின் துன்பமெல்லாம் ஓர் அறையில் சும்மா இருக்கத் தெரியாததால் வருகிறது என்ற புகழ்பெற்ற வாக்கியம் இருக்கும் 'கேளிக்கை'. தனியாகப் பார்த்தால் அது ஓர் அறிவுரை போல இருக்கும். கோத்த இடத்தில் படித்தால் அறிவுரையே இல்லை. அரசனைக்கூட வேட்டையும் ஆட்டமும் இல்லாமல் தனியே விட்டால் அவனும் துயரப்படுவான் என்று நீளும் ஒரு விசாரணை அது. 'சும்மா இரு' என்ற சொல்லுக்குப் பழகிய நமக்கு அந்த இடத்தில் சட்டென்று ஒரு நெருக்கம் வரும், ஆனால் அவர் போகிற திசை வேறு. சும்மா இருந்தால் அமைதி கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, சும்மா இருக்க முடியாமையே நோயின் அறிகுறி என்கிறார்.

ஆகவே காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் கிரெய்ல்ஷைமரோ லீவியோ. ஆய்வுக்காகப் படிப்பவருக்கு ஏரியூ. டிராட்டர்தான் கையில் இருக்கிறதென்றால், லஃபூமா எண்களின் பட்டியலை இணையத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அந்த வரிசையில் தாவித் தாவிப் படிக்கலாம். சிரமம்தான், ஆனால் பலன் உண்டு.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். 'முடிவிலி, இன்மை' என்று தொடங்கும் துணுக்கு. லஃபூமாவில் 418, செலியேயில் 680, புருன்ஷ்விக்கில் 233. தலைப்பிட்ட 27 கட்டுகளில் அது இல்லை, தனியே கிடந்த தாள்கள். நான்கு பக்கத்தில் நேராகவும் ஓரத்திலும் தலைகீழாகவும் நெருக்கி எழுதியது. சுருக்கங்கள் எல்லாம் விட்டுவிடும் ஒரு விஷயம் அதில் இருக்கிறது. எதிரே இருப்பவர் சொல்கிறார்: பந்தயமே கட்டாமல் இருப்பதுதான் சரி. பாஸ்கல் பதில்: ஆம், ஆனால் கட்டித்தான் ஆக வேண்டும். அது உங்கள் விருப்பத்தில் இல்லை. நீங்கள் ஏற்கெனவே கப்பலில் ஏறிவிட்டீர்கள்.

'விருப்பத்தில் இல்லை'. இந்தச் சொல் எனக்கு வேறு எங்கோ படித்ததாகத் தோன்ற, தேடிப் பார்த்தேன். ஃபெர்மா கடிதங்களோடு ஒட்டி அவர் எழுதிய எண்கணித முக்கோண நூலில், பங்கு பிரிக்கும் விதியை விளக்கும் முதல் வரிகளில் இருக்கிறது. ஆட்டத்தில் வைத்த பணம் இனி ஆடுபவர்களுடையது அல்ல. அதற்குப் பதிலாக, தற்செயல் தரக்கூடியதை எதிர்பார்க்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் இது விருப்பத்தால் ஏற்ற விதி என்பதால், இருவரும் சம்மதித்தால் முறித்துக்கொண்டு பிரியலாம். பிரியலாம் என்பதால்தான் 48, 16 என்ற கணக்கே எழுகிறது. பந்தயத் துணுக்கில் அந்தக் கதவு ஒன்றைத்தான் அடைத்திருக்கிறார். மற்றதெல்லாம் அதே ஆட்டம், அதே கணக்கு. பாதியில் எழுந்து பங்கு வாங்கிக்கொண்டு போக முடியாத ஓர் ஆட்டத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் கேள்வி. கணக்கில் வியாபாரம் இருக்கலாம், ஆனால் நிலைமை வியாபாரியுடையது அல்ல. வியாபாரி வேண்டாம் என்று எழுந்து போகலாம்.

இதனால் வாதம் வென்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. நம்புவதில் எனக்கு லாபம் இருப்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது என்று வால்தேர் 1734-இல் எழுதியது நியாயமான பதில்தான். ஓர் இமாமும் இதே போல வாதிடலாமே என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ கேட்டது அதைவிடக் கனமானது, பல சமயங்கள் அடுத்தடுத்துள்ள தெருவில் வளர்ந்த நமக்கு இன்னும் கனமானது. ஆனால் எதை மறுக்கிறோம் என்பதையாவது சரியாகத் தெரிந்துகொண்டு மறுக்க வேண்டும். அதற்கு ஜூலை 29 கடிதம் வேண்டும்.

என் வரிசை இப்படி அமையும். ஒரு மாலை அந்தக் கடிதம், கையில் காசோ கொட்டையோ வைத்துக்கொண்டு. அடுத்து பான்ஸேயின் முதல் எட்டுக் கட்டுகள், அவசரப்படாமல், இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாலும் சரி. பிறகு பந்தயத் துணுக்கு. அதை ஒரே மூச்சில் கடைசி வரை படியுங்கள், வாதம் முடிந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பேச்சு உங்களுக்குப் பிடித்திருந்தால், வலுவாகத் தோன்றினால், இதைச் சொன்னவன் இதற்கு முன்னும் பின்னும் மண்டியிட்டு வேண்டிக்கொண்டவன் என்று தெரிந்துகொள்ளுங்கள் என முடிவில் எழுதுகிறார். அதன்பின் ஜில்பெர்த்தின் நூல். புரோவின்சியல் கடிதங்களுக்கு ஒரு விடுமுறை வரும் வரை காத்திருக்கலாம். கணக்கே வேண்டாம், பக்தி மட்டும்தான் தேடுகிறேன் என்பவர் நவம்பர் 23 தாளில் தொடங்கலாம், அது ஒரு பக்கம்கூட இல்லை.

எல்லாம் முடிந்தபின் ஒரு கடிதம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். 1660 ஆகஸ்ட் 10, ஃபெர்மாவுக்கே எழுதியது. இருவர் ஊருக்கும் நடுவில் எங்காவது சந்திக்கலாம் என்று ஃபெர்மா கேட்டிருந்தார். 1654 கடிதத்தில் மெரேயைப் பற்றிப் பேசும்போது, நல்ல அறிவாளி, ஆனால் கணிதர் அல்ல, அது பெரிய குறை என்று எழுதியவர் பாஸ்கல். இப்போது எழுதுகிறார்: வடிவியல் அறிவுக்கு மிக உயர்ந்த பயிற்சி, ஆனால் அவ்வளவு பயனற்றது என்பதால், வெறும் கணிதருக்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கும் நான் பெரிய வேறுபாடு காண்பதில்லை. உலகிலேயே மிக அழகான தொழில், ஆனால் தொழில்தான். உடம்பு நன்றாக இருந்திருந்தால் துலூஸுக்கே பறந்து வந்திருப்பேன், ஐரோப்பாவின் மிகப் பெரிய கணிதர் நீங்கள் என்பதற்காக அல்ல, உங்கள் பேச்சுக்காகவும் பண்புக்காகவும் என்கிறார். தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. குதிரையில் உட்கார முடியவில்லை. வண்டியில் போனாலும் மூன்று நான்கு காதம்தான். அந்தச் சந்திப்பு நடக்கவில்லை.